வீட்டு வாசலோடு நின்றுவிட்ட கேள்விகள்

தோழர்களே, நம் மாணவர் ஒருவர் இறந்தால் நிர்வாகம் முதலில் சொல்வது, 'சொந்தக் காரணம்'. 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா இறந்த பிறகும் அதைத்தான் கேட்டோம். மத்திய அரசு அமைத்த ரூபன்வால் ஆணையமும் அந்த முடிவுக்கே வந்தது. கடைசிக் கடிதத்தில் அவர் சிறுவயதுத் தனிமையைப் பற்றி எழுதியிருந்ததை, அவருடைய சொந்த விரக்திக்குச் சான்றாக அது எடுத்துக்கொண்டது.

நாமோ அந்த வரியைத் தொடவே தயங்கினோம். தொட்டால் சாதியை வழக்கிலிருந்து விடுவித்துவிடுவோமோ என்ற அச்சம் நமக்கு. அந்த அச்சம் தேவையில்லை என்பதே நம் வாதம்.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1995-97இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவர்களின் குழு 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களது 18 வயதுக்கு முந்தைய வாழ்வைப் பற்றி விசாரித்தது. வசை, அடி, பாலியல் வன்முறை, தாய் அடிபடுவதைப் பார்த்தது, வீட்டில் குடி அல்லது போதை, மனநோய், பெற்றோர் பிரிவு, சிறை சென்ற உறவு என எட்டு வகை; ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அந்தத் தரவிலிருந்து 2001இல் தற்கொலை முயற்சி குறித்த கட்டுரை வந்தது. ஒரு புள்ளியும் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே வாழ்நாளில் முயன்றிருந்தார்கள். ஏழு அல்லது எட்டுப் புள்ளி உள்ளவர்களில் நூற்றுக்கு 35 பேர். நடுவில், புள்ளி கூடக்கூட விகிதமும் ஏறியது.

இதைத் தலைகீழாகவும் படிக்க வேண்டும். அத்தனையும் பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒருமுறைகூட முயலவில்லை. ஆபத்துக் காரணி என்பது தலையெழுத்து அல்ல.

சிறுவயதுக் காயம் உடலில் எப்படித் தங்குகிறது? ஆபத்து வந்தால் உடல் பதறுவதும் நீங்கியதும் அடங்குவதும் இயல்பு. ஓயாத அச்சத்தில் வளரும் குழந்தைக்கு அந்த அடங்கல் பழுதாகலாம். மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகிப் பின்னர் தற்கொலையால் இறந்தவர்களின் மூளையில், பதற்றத்தை அடக்குவதில் பங்குள்ள ஒரு மரபணுவின் செயல்பாடு குறைந்திருந்தது. தற்கொலையால் இறந்தும் அக்கொடுமையைக் காணாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. வெறும் 36 மூளைகளை வைத்துச் செய்த சிறு ஆய்வுதான். ஆனாலும் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

சான் டியேகோவில் பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் கல்லூரி படித்த, மருத்துவக் காப்பீடு உள்ள வெள்ளையர்கள். அதனால்தானோ என்னவோ, கேள்விகள் அனைத்தும் வீட்டு வாசலோடு நின்றுவிட்டன. 2012-13இல் பிலடெல்பியாவில் நடந்த கணக்கெடுப்பு வாசலைத் தாண்டியது: இனப் பாகுபாடு, சக மாணவர்களின் சீண்டல், தெருவில் கண்ட வன்முறை ஆகியவற்றையும் கேட்டது.

நம் பட்டியலை யார் எழுதுவது? வகுப்பில் சாதியைச் சொல்லி எழுப்பி நிற்கவைத்தது, மற்ற பிள்ளைகள் படிக்கையில் நம் பிள்ளையைக் கழிவறை கழுவ அனுப்பியது, கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்து அடி விழுந்தது. தமிழகப் பள்ளிகளில் அந்த வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யும்படி நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. இவற்றுக்கு ஒரு புள்ளியும் இல்லாத அட்டவணையில் நம் குழந்தையின் துயரமெல்லாம் அப்பனின் குடியாக மட்டுமே பதிவாகும். அந்தக் குடியையும் நாம் மறைக்க வேண்டாம். பல வீடுகளில் அது உண்மை.

ரோகித்தின் உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐவரில் அவர் ஒருவர். எந்த மரணத்துக்கும் ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. ஆனால் பழைய காயமுள்ள இடத்தில் நிறுவனம் அடித்துவிட்டு, காயம் உன்னுடையதுதானே என்று கேட்பதை ஏற்க முடியாது.

விடுதியில் திடீரென ஒதுங்கிப்போகும் தோழரிடம், சாக வேண்டுமென்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 'ஆம்' என்றால் தனியே விடாமல் கூட இருப்போம். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அவரோடு உட்கார்ந்தே அழைப்போம். மறுநாள் காலையும் அவர் அறைக் கதவைத் தட்டுவோம்.