கடைசி செமஸ்டர்வரை காத்திருக்க வேண்டாம்

கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால், பிரிக்பீல்ட்ஸைச் சுற்றி எத்தனை அலுவலகக் கோபுரங்கள்! அங்கே வேலை கேட்டுப் போகும் நம் பட்டதாரிகள் பலருக்குப் பாடத்தில் குறை இல்லை. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற முதல் கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், நேர்முகத் தேர்வில் ஆங்கிலம். மூன்றும் தெரியும்; தான் செய்த ஒன்றை ஆங்கிலத்தில் விளக்கிப் பேசிப் பழக்கமில்லை.

உயர்கல்வி அமைச்சு இதை உணர்ந்து 2006இலேயே மென்திறன் வளர்ச்சித் திட்டம் ஒன்றை வகுத்தது. தொடர்பாற்றல், குழுப்பணி, தலைமைத்துவம் என ஏழு திறன்கள். தனிப்பாடமாக மட்டுமன்றி, எல்லாப் பாடங்களோடும் கலந்தே அவற்றைக் கற்பிக்கச் சொன்னது. ஆனால் பல மாணவர்கள் ரெஸ்யூமே எழுத உட்காருவதே கடைசி செமஸ்டரில்தான். இரண்டு நாள் பயிலரங்கில் நாவுக்குப் பழக்கம் வந்துவிடாது.

தொடர்பயிற்சி நமக்குப் புதிதல்ல. டாக்டர் எம்.தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் தேர்வுக்கான தயாரிப்பை ஒரு சமூக இயக்கமாகவே ஆக்கிக் காட்டியது. எஸ்பிஎம் தேர்வுக்காகப் பிள்ளைகளை வாரந்தோறும் டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோர், பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் கடமை முடிந்ததென ஓய்ந்துவிடுகிறார்கள். அதே வாரப் பழக்கம் அங்கேயும் தொடர வேண்டும்.

எப்படி? மாணவர் சங்கங்களே தொடங்கலாம். வாரம் ஒரு மணி நேரம், ஒருவர் பேச, மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். பேசுவதற்கு விஷயம் நிறையவே இருக்கிறது. கோயில் இளைஞர் பிரிவின் கணக்கைப் பார்த்தவர், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு ஆள் திரட்டியவர், அப்பாவின் லாரித் தொழிலுக்கு பில் போட்டவர் எல்லாம் நம்மிடையே உண்டு. அதையெல்லாம் அனுபவமாக அவர்களே எண்ணுவதில்லை. என்ன சிக்கல் வந்தது, நான் என்ன செய்தேன், முடிவு என்ன ஆனது என்று மூன்று நிமிடத்தில் சொல்லிப் பழகினால் அதுவே நல்ல பதில். மூன்றாம் ஆண்டு மாணவர் முதலாம் ஆண்டு மாணவரை விசாரிக்கட்டும். கேட்பவருக்கும் அது பயிற்சிதான்.

இண்டர்ன்ஷிப்பையும் முன்னதாகவே தேட வேண்டும். கிள்ளான் துறைமுகத்தைச் சுற்றிச் சரக்குப் போக்குவரத்து, சுங்க ஆவணம், கிடங்கு என எத்தனையோ தொழில்கள். அவற்றை நடத்தும் நம் முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள்: விடுமுறைக்கு வரும் மாணவரை டீ வாங்கவும் நகல் எடுக்கவும் மட்டும் அனுப்பாதீர்கள். ஒரு வாடிக்கையாளரின் கோப்பைத் தொடக்கம் முதல் முடிவுவரை அவர் கையில் கொடுங்கள். முறையான இண்டர்ன்ஷிப் தரும் நிறுவனங்களுக்கான வரிச்சலுகை பற்றி அரசு நிறுவனமான டேலண்ட்கார்ப்பில் விசாரியுங்கள்.