லென்ஸ் பெட்டியின் மேல் ஒரு சீட்டு

அக்கா மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அத்தான் கேமரா வாங்கக் கிளம்பினார். அரங்கேற்றம் முடிந்ததும் குடும்பத்தோடு வேளாங்கண்ணி, பிறகு கொடைக்கானல் என்று திட்டம். "லென்ஸை மாத்தி மாத்திப் போட நமக்கு நேரம் கிடையாது மாப்ளே, எல்லாத்துக்கும் ஒண்ணே போதும்" என்றார். கடைக்காரர் 18–300 மி.மீ. ஜூம் ஒன்றைக் கையில் கொடுத்தார். "பில்லோட எடுத்தா ஒரு ரேட்டு சார். பில் வேண்டாம்னா ஆறாயிரம் கம்மி. ரெண்டும் ஒரே பீஸ்தான். கடை வாரண்டி ஒரு வருஷம் நான் தர்றேன்." ஆறாயிரம் என்பது எங்கள் வீட்டில் சின்னத் தொகை இல்லை. அத்தான் பில் வேண்டாம் என்றார்.

அரங்கேற்றப் படங்களில் பாதிக்கு மேல் கலங்கல். முத்திரை பிடித்த விரல்கள் எல்லாம் புகைபோல இழுபட்டிருந்தன. ஐந்து வாரம் கழித்துக் கொடைக்கானலில் ஆட்டோஃபோகஸ் அடியோடு நின்றுபோனது. சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்த பெண், இது இந்திய விற்பனைக்கு வந்த லென்ஸ் இல்லை, காசு கட்டினால் பழுது பார்ப்போம் என்றார். கடைக்குப் போனால், "கம்பெனியில பேசிப் பாருங்க சார்."

நடந்தவை இரண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல நுகர்வோர் புகார்கள் வலுவிழக்கின்றன. ஃபோகஸ் நின்றது பொருளின் குறைபாடு. அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. படம் கலங்கியது அந்த வகை லென்ஸின் இயல்பு. அதை வாங்கும் முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் இயல்பைப் பார்ப்போம். அகலக் காட்சி முதல் தொலைவு வரை எல்லாம் ஒரே குழலில் கிடைக்க வேண்டும் என்ற ஆசையைச் சாமானியர் கைக்கு எட்டும்படி செய்தது ஜப்பானின் டாம்ரான் நிறுவனம். 1992-இல் 28–200 மி.மீ. லென்ஸை அது கொண்டுவந்தது. அதே நிறுவனம் 2017-இல் 18–400 வரை போனது, அதாவது 22 மடங்குக்கு மேல் ஜூம். நிக்கான் 2024-இல் தன் மிரர்லெஸ் கேமராக்களுக்கு 28–400 ஒன்றை வெளியிட்டது. இவை பொறியியல் சாதனைகள்தாம், சந்தேகமில்லை. ஆனால் குழலைச் சிறியதாகவும் விலையைக் கட்டுக்குள்ளும் வைக்க, வெளிச்சத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும். இத்தகைய ஜூம்கள் பெரும்பாலும் தொலைவு முனையில் எஃப் 6.3-க்கு வந்துவிடும், நிக்கானின் 28–400 எஃப் 8-க்கே வந்துவிடும். எஃப் 2.8 லென்ஸோடு ஒப்பிட்டால் 6.3 உள்ளே விடும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு, 8 விடுவது எட்டில் ஒரு பங்கு.

சபா மேடையில் இது என்ன செய்யும்? எஃப் 2.8-இல் ஐஎஸ்ஓ 3200 வைத்து, நொடியில் 250-இல் ஒரு பங்கு வேகத்தில் எடுக்க முடிகிற படத்துக்கு, 6.3-இல் ஐஎஸ்ஓ 16000 வேண்டும். அவ்வளவு ஏற்றினால் படம் மணல் தெளித்ததுபோல் ஆகிவிடும். ஏற்றாமல் விட்டால் கேமரா ஷட்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆடுகிற கை இழுபடும். "இதுல ஸ்டெபிலைசேஷன் இருக்கு, ஷேக் ஆகாது" என்று கடையில் சொல்வார்கள். அது நம் கை நடுக்கத்தைத் தாங்கும். ஆடுகிற குழந்தையை அது நிறுத்தி வைக்காது.

அந்த ஸ்டெபிலைசேஷனும் எல்லா லென்ஸிலும் கிடையாது. சோனி மவுண்ட்டுக்கு டாம்ரான் 2020-இல் கொண்டுவந்த 28–200, எஃப் 2.8-இல் தொடங்குகிற நல்ல லென்ஸ், எடை 575 கிராம்தான். அதில் ஸ்டெபிலைசேஷன் இல்லை. கேமரா பாடியில் இருப்பதை நம்பி வடிவமைத்தது. சோனி ஏ6400 போன்ற பாடியில் அந்த வசதியே இல்லை. இரண்டையும் சேர்த்து வாங்கினால் நடுக்கத்தைத் தடுக்க எதுவுமே இருக்காது. கேனானின் 24–240-இல் 24 முனையில் மூலைகள் கறுத்து, கோடுகள் வளைந்துதான் பதிவாகும். மென்பொருள் அதை நிமிர்த்தித் தருகிறது. பயணப் படத்துக்கு இது பெரிய குற்றமில்லை. ஆனால் அந்த மென்பொருள் தொடாத ரா ஃபைலைத் திறந்து பார்த்துப் பதறிப்போய்ப் புகார் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எண்களிலும் ஒரு குழப்பம் உண்டு. சின்ன சென்சார் பாடியில் 18–300 போட்டால் பார்வைக்கோணம் முழுச் சட்ட கேமராவில் 27–450 போட்டதற்கு ஒப்பாகும் (கேனானில் பெருக்கம் 1.5 அல்ல, 1.6). பெட்டியில் உள்ள எண்ணும் விற்பனையாளர் சொல்கிற எண்ணும் வேறுபடுவதற்குக் காரணம் இதுதான். இன்னொன்று, பல ஜூம்களில் பக்கத்தில் இருப்பதை ஃபோகஸ் செய்யும்போது 300 என்பது உண்மையில் 300 ஆக இருக்காது, நன்றாகச் சுருங்கிவிடும். தொட்டிச் செடியில் உட்கார்ந்த தேன்சிட்டை எடுப்பவருக்கு இது ஏமாற்றமாகத் தெரியும்.

என் எண்ணத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில் கோபுரம், மலை, கடைத்தெரு, பேரப்பிள்ளை எல்லாவற்றையும் எடுக்க நினைக்கும் குடும்பத்துக்கு 18–135 அல்லது 24–200 அளவே போதும். சோனியின் 18–135 வெறும் 325 கிராம். கழுத்தில் மாட்டியதே தெரியாது. 300-ம் 400-ம் பறவை, மிருகம் என்று அலைபவருக்குத்தான். வீட்டில் மேடைக் கலை பயில்கிற பிள்ளை இருந்தால், எந்த ஆல்-இன்-ஒன் ஜூமும் அதற்குத் தனியாகப் போதாது.

"மேடை வெளிச்சத்தில் ஆடுகிறவரைத் தெளிவாக எடுக்க இது போதுமா?" என்று கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், விலை முதலியவை பற்றித் தெரிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமையாகச் சொல்கிறது. தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. வாயால் சொன்னது கடை வாசலோடு போய்விடும். எழுத்தில் இருந்தால், இயல்பாக இருந்த விஷயமும் வழக்காக மாறும்.

அடுத்தது பெட்டி. இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வருகிற இறக்குமதி லென்ஸின் பெட்டியில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கும். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, மாதம், ஆண்டு, எம்.ஆர்.பி., நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள். அந்தச் சீட்டு இல்லாத லென்ஸ் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பையில் சரக்குக் கொண்டுவரும் 'குருவிகள்' மூலமாகவோ வேறு வழியிலோ வந்த கிரே மார்க்கெட் சரக்கு. கண்ணாடி அதே கண்ணாடிதான், போலி இல்லை. கடைக்காரர் அந்த அளவுக்கு உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் நிறுவனத்தின் இந்தியக் கிளை அதற்குப் பொறுப்பேற்காது என்பதை அவர் சொல்வதில்லை. பணம் கொடுக்கும் முன் பெட்டியிலும் லென்ஸிலும் உள்ள சீரியல் நம்பர் ஒன்றுதானா என்று பாருங்கள். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, இந்த எண்ணுக்கு இந்திய வாரண்டி உண்டா என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றாலோ சீட்டே இல்லாமல் விற்றாலோ, தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழுள்ள எடையளவு ஆய்வாளர்களிடம் புகார் செய்யலாம்.

பில் விஷயத்தில் என் மனம் இன்னும் ஆறவில்லை. பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு சொல்கிறது. பில்லுக்கு ஒரு விலை, இல்லாததற்கு ஒரு விலை என்று வைப்பவர், உங்கள் உரிமையை உங்களிடமே ஆறாயிரத்துக்கு வாங்கிக்கொள்கிறார். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் நேர்மையற்ற நடைமுறையே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைக் கண்டு குறைபாடுள்ள பொருளோடு பேசாமல் திரும்பி வர வேண்டியதில்லை.

அந்த 30 நாளைப் பயன்படுத்த வேண்டுமானால் லென்ஸை வாங்கிய வாரமே சோதித்துவிட வேண்டும். செய்தித்தாளின் இரட்டைப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, நேராக நின்று, ஜூமின் இரு முனைகளிலும் நடுவிலும் எடுங்கள். நான்கு மூலைகளும் ஏறக்குறைய ஒரே அளவு மங்கினால் அது இயல்பு. ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிட மோசமாக மங்கினால் உள்ளே கண்ணாடி சரியாக உட்காரவில்லை. அது குறைபாடு, மாற்றித் தரக் கேளுங்கள். பழைய லென்ஸ் என்றால் பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், சிலந்தி நூல்போல் படர்ந்திருந்தால் ஃபங்கஸ். வியாபாரி அல்லாத தனியாளிடம் பழைய லென்ஸ் வாங்கினால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்பது கடினம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஃபங்கஸ் நம் கடலோர ஊர்களின் பெரிய எதிரி. நீட்டிச் சுருக்கும் ஜூம் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளிழுக்கும், கூடவே தூசியையும் ஈரத்தையும். ஃபங்கஸ், மணல், உப்புநீர், கீழே விழுதல் ஆகியவற்றைச் சாதாரண வாரண்டி பொதுவாக ஏற்காது. கடையில் கூடுதலாக விற்கும் நீட்டிப்பு வாரண்டியில் விலக்குப் பட்டியலைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்தாலே பெரும்பகுதி தப்பிக்கலாம்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இருக்கின்றன. விற்பவர் யார், எந்த நாட்டுப் பொருள், வாரண்டி, திரும்பப் பெறும் விதம் எல்லாம் தளத்தில் தெரிய வேண்டும். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நீங்கள் கேட்காமலே ஃபில்டரும் வாரண்டித் திட்டமும் கூடையில் ஏறியிருந்தால், அது 2023-இல் மத்திய அரசு தடைசெய்த ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்று. பொருள் வந்ததும் பெட்டியைப் பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு எடுத்துப் போகிறவர்கள் புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் பில்லையும் சீரியல் நம்பரையும் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது புதிதாக வாங்கி வந்ததா என்ற கேள்வி எழாது.

பழுது வந்துவிட்டால் முதல் வேலை சர்வீஸ் சென்டரின் ஜாப் ஷீட். என்ன கோளாறு, ஏன் வாரண்டி இல்லை என்பதை அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆணையத்தில் உங்கள் பேச்சைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பலருக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. முடியாவிட்டால் கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கல்யாண போட்டோ எடுத்துப் பிழைப்பவர், "வியாபாரத்துக்கு வாங்கியது" என்று சொல்லித் தன்னைத் தள்ளிவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டாம். சுயதொழிலில் தன் பிழைப்புக்காக வாங்கியவரும் நுகர்வோர்தான்.

அத்தானிடம் பில் இல்லை. ஆனால் பணம் யுபிஐயில் போயிருந்தது. "ஒரு வருஷம் கடை வாரண்டி, கவலைப்படாதீங்க சார்" என்று கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் அழியாமல் இருந்தது. ஜாப் ஷீட் நகலோடு அவ்விரண்டையும் சேர்த்து நோட்டீஸ் அனுப்பினோம். பதினோராம் நாள் கடைக்காரரே கூப்பிட்டார். லென்ஸை வாங்கிக்கொண்டு பணத்தை இரண்டு தவணையாகக் கொடுத்தார். அந்தப் பணத்தில் ஒரு 18–135-ம், மேடைக்கென்று 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்றும் பில்லோடு வந்தன. வேறு கடைதான். பெட்டியைத் திருப்பி அந்த வெள்ளைச் சீட்டை முதலில் படித்தவள் அக்கா.