கம்பளி போர்த்திய நீச்சல் குளம்

ஈரப் புடவையைக் கொடியில் உலர்த்திவிட்டு அதன் அருகில் நின்றால் ஜிலுஜிலுவென்று இருக்கிறதல்லவா? நீர் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தைத் திருடிக்கொண்டு போகிறது. நம் ஊர் வெயிலுக்கு அது சுகம். குளிர் நாட்டில் ஊராருக்காக வெந்நீர்க் குளம் நடத்தும் நகரசபைக்கோ அந்தத் திருட்டினால் கஜானாவே கரைகிறது!

தென்மேற்கு இங்கிலாந்திலுள்ள எக்ஸிடர் நகரில் 'பிரமிட்ஸ்' என்ற பொது நீச்சல் குளம் பழசாகிவிட்டது. அதற்குப் பதிலாக 2022-ல் 'ஸெயின்ட் ஸிட்வெல்ஸ் பாயின்ட்' என்ற புதிய நிலையம் திறக்கப்பட்டது. செலவு நாலு கோடி பவுனுக்கு மேல். வரி கட்டுகிறவர்களுக்கு வயிறு எரியாதா என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

ஒரு லிட்டர் நீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், அதே அளவு பச்சைத் தண்ணீரைக் காப்பிக்காகக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையானதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு! பழைய கட்டடங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. சுவரும் கண்ணாடியும் சில்லிட்டிருப்பதால் ஈரக் காற்று பட்டு முத்து முத்தாக வியர்க்கும், இரும்பு துருப்பிடிக்கும். அதற்குப் பயந்து ஈரக் காற்றை வெளியே தள்ளி, உலர்ந்த குளிர்காற்றை இழுத்துச் சூடாக்குவார்கள். காற்று உலர்ந்தால் குளம் இன்னும் வேகமாக ஆவியாகும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமந்த கதைதான்.

புதிய நிலையம் 'பாஸிவ் ஹவுஸ்' என்ற முறையில் கட்டப்பட்டது. ஜெர்மனியில் லூனன், பாம்பெர்க் நகரங்களின் குளங்களில் 2011-லேயே கையாண்ட முறை. கட்டடத்துக்குக் கனமான கம்பளி போர்த்தியதுபோல் வெப்பக் காப்பு. காற்றுக் கசியாத சுவர். கண்ணாடியின் உட்புறம் வெதுவெதுப்பாகவே இருப்பதால் வியர்ப்பதில்லை. ஆகவே காற்றில் ஈரத்தை அப்படியே விட்டுவைக்கலாம். நீர் ஆவியாவதும் குறைகிறது. வெளியேறும் காற்றின் சூட்டையும் வீணாக்காமல், உள்ளே வரும் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

திறந்த அதே ஆண்டில் பிரிட்டனில் எரிவாயு விலை எகிறியது. பல ஊர்களில் குளங்கள் நேரத்தைச் சுருக்கின. சில மூடியே போயின. சுவருக்குக் கொட்டிய பணத்தின் அருமை அப்போதுதான் புரிந்திருக்கும்.

இங்கே 25 மீட்டர் நீளத்தில், எட்டுப் பேர் வரிசையாக நீந்தும் பெரிய குளம் இருக்கிறது. எனக்கென்னவோ பக்கத்திலுள்ள 20 மீட்டர்க் குளந்தான் பிடித்திருக்கிறது. அதன் தரை ஏறும், இறங்கும்! நீந்தப் பழகும் குழந்தைகளுக்காக ஆழத்தைக் குறைப்பார்கள். அவர்கள் தலை துவட்டிக்கொண்டு போனபிறகு தரையை இறக்கினால், அம்மாமார்களுக்கும் நீந்த ஆழம் கிடைத்துவிடும்.