தேனீ கொட்டினால் உடம்புக்குள் நடப்பது என்ன?



புளி உலுக்கும் மாதங்களில் நம் தருமபுரிப் பக்கம் தேனீயும் கதண்டும் கொட்டுவது புதிதல்ல. ஒருவருக்கு வலியும் வீக்கமும் வந்து அடங்கிவிடும். இன்னொருவர் அதே மரத்தடியில் மூச்சுத் திணறி விழுந்துவிடலாம். இந்த வேறுபாடு ஏன் என்பதை நாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நம் தோல், மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றில் இரத்தக் குழாய்களை ஒட்டி 'மாஸ்ட் செல்' என்னும் அணுக்கள் காவல் இருக்கின்றன. 1878-இல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் இவற்றை விவரித்தார். உள்ளே துகள்கள் நிறைந்திருந்ததால், நன்றாக உண்டு கொழுத்தவை என்று கருதி இப்பெயரை வைத்தார். அந்தத் துகள்களில் இருப்பது ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்கள்.

நஞ்சு நுழைந்ததும் ஹிஸ்டமின் வெளியே கொட்டுகிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. எதிர்ப்பு அணுக்கள் அங்கே வந்து சேருகின்றன. கொட்டிய இடம் சிவந்து வீங்குவது இதனால்தான். பாம்பு, தேனீ நஞ்சுகளின் தீங்கை மாஸ்ட் செல்கள் குறைப்பதை 2006-இல் எலிகளிடம் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. அழற்சியை அடக்கும் பொருள்களையும் இவை சுரக்கக்கூடியவை.

ஆனால் சிலருக்கு, முதலில் கொட்டியபோதே 'ஐ.ஜி.இ.' என்ற எதிர்ப்பொருள் உருவாகி மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. மறுமுறை கொட்டும்போது உடம்பெங்கும் உள்ள மாஸ்ட் செல்கள் ஒரேயடியாக வெடிக்கின்றன. இரத்த அழுத்தம் சரிகிறது, மூச்சுக்குழாய் இறுகுகிறது. ஆகவே, "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்று இருந்துவிடக் கூடாது. நிலக்கடலை, இறால், பென்சிலின் ஊசி ஆகியவையும் சிலருக்கு இப்படிச் செய்யும்.

உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சிரைப்பு, குரல் கம்முதல், வாந்தி, மயக்கம் ஆகியவை அபாய அறிகுறிகள். சுண்ணாம்பு தடவிக்கொண்டு நேரத்தைக் கழிக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள்; மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்கார விடுங்கள்; நடக்க வைக்காதீர்கள். உயிர் காக்கும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. தெளிந்த பிறகும் சில மணி நேரம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். அறிகுறிகள் திரும்பி வரலாம்.

வீட்டில் யாருக்காவது எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தால், அதைப் பிள்ளையின் பள்ளி டைரியிலும் மருத்துவச் சீட்டிலும் எழுதி வையுங்கள். ஊசி போடும் முன் டாக்டரிடம் நீங்களே முந்திச் சொல்லுங்கள்.