எது டாக்டரின் தவறு?

‘இவ்வளவு செலவு பண்ணியும் குணமாகலையே, டாக்டர் மேல கேஸ் போடலாமா?’

பலன் கிடைக்காததெல்லாம் தவறாகிவிடாது. சாதாரணத் திறமையுள்ள டாக்டர் காட்டவேண்டிய கவனத்தைக்கூடக் காட்டாமல், அதனாலேயே நோயாளிக்குப் பாதிப்பு வந்திருந்தால்தான் சட்டப்படி அது அலட்சியம்.

சம்மதமும் முக்கியம். லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்த ஒரு பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே அம்மாவிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிராபத்து இல்லாதபோது அது தவறு என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

சந்தேகமா? கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். நஷ்டஈடு கேட்டு 2 வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லோருக்குமே இலவச வைத்தியம் தரும் ஆஸ்பத்திரிக்கு இது பொருந்தாது.

பில், பிரிஸ்கிரிப்ஷன் எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க!