ஆரணி நகரும் ஓர் ஆராய்ச்சியும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவது அப்பகுதி மக்களின் மரபு. எழுவான்கரையிலுள்ள குருக்கள்மடத்துத் துறையிலிருந்து வாவியைக் கடந்தால் படுவான்கரையின் அம்பிளாந்துறையை அடையலாம். படுவான்கரை வயல்களின் நெல் கிழக்கு நோக்கி வருவதும், துணியும் உரமும் கடைச் சரக்கும் மேற்கு நோக்கிச் செல்வதும் நெடுங்காலப் பழக்கம். நெல் விற்ற பணத்தின் பயணமோ அவ்வளவு எளிதிற் கண்ணுக்குப் புலப்படுவதன்று. அது களுவாஞ்சிகுடியில் ஒரு கடையாக முளைக்கலாம். கல்முனையில் ஓர் ஆலையாக எழலாம். வட்டிக்கு விடப்பட்டு, திரும்பவும் வயற்காரனிடமே கடனாக வந்து சேரலாம். கொழும்புக்குச் சென்று மறைந்தும் போகலாம். இவற்றுள் எது நிகழ்கின்றது என்பதைப் பொறுத்தே படுவான்கரைப் பிள்ளைக்குப் பட்டினத்தில் வேலை உண்டா, இல்லையா என்பது பெரிதும் முடிவாகின்றது.

கிராமமும் பட்டினமும் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்து நிற்கின்றன என்பதை ஆராயும் துறை பிரதேசப் பொருளியல் எனப்படும். 1955ஆம் ஆண்டில் பேட் ஹொசெலிற்ஸ் என்னும் அறிஞர், தம்மைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தை வளர்க்கும் நகரங்கள் என்றும், அதனை உறிஞ்சி வாழும் நகரங்கள் என்றும் இருவகை கண்டு எழுதினார். பிரிவு அழகாகத்தான் இருக்கின்றது. ஆயின், ஒரு குறிப்பிட்ட நகரைச் சுட்டி, இஃது எவ்வகையைச் சேர்ந்தது என வினவினால் விடை சொல்வது எளிதன்று. அவ்விடையைத் தேடி நாற்பது ஆண்டுகளாக ஒரே நகருக்குத் திரும்பத் திரும்பச் சென்றவர் பேராசிரியை பார்பரா ஹரிஸ்-வைற். அவர் தேர்ந்த நகர் தமிழ்நாட்டின் ஆரணி.

கேம்பிறிட்ச் பல்கலைக்கழகத்திற் பயின்ற அவர், 1969இல் அங்கிருந்து தரை வழியாக வாகனத்திற் புறப்பட்டுப் புதுடில்லியை அடைந்தார். அன்று தொடங்கிய இந்தியத் தொடர்பு அவர் வாழ்நாட் பணியாயிற்று. பிற்காலத்தில் அவர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் அபிவிருத்திக் கல்விப் பேராசிரியராக விளங்கினார். அவரது ஆராய்ச்சியின் தொடக்கத்தில் இலங்கைக்கும் பங்கு உண்டு என்பது இங்கு நினைக்கத்தக்கது. 1973ஆம் ஆண்டையொட்டிக் கேம்பிறிட்சைச் சேர்ந்த புவியியலறிஞர் பீ. எச். பார்மர் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு அமைந்தது. புதிய நெல்லினங்கள் உழவர் வாழ்வை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை அறிய, அக்குழு தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டு மாவட்டத்தையும் இலங்கையின் அம்பாந்தோட்டைப் பகுதியையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. அதன் முடிவுகள் 1977இல் நூலாயின. பார்மர் இலங்கைக்குப் புதியவர் அல்லர். கல்லோயா உள்ளிட்ட உலர் வலயக் குடியேற்றங்களைப் பற்றி 1957இலேயே விரிவான நூலொன்றை வெளியிட்டவர்.

அக்குழுவினருட் பலர் வயல்களில் நின்று விளைவை அளந்தனர். பார்பரா அம்மையாரோ நெல்லின் பின்னே சென்றார். களத்திலிருந்து தரகனிடம், தரகனிடமிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து கடைக்கு என அது போகும் வழியெல்லாம் போனார். அவ்வழி அவரை ஆரணியிற் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆரணி வேலூருக்குத் தெற்கே கமண்டல நதிக் கரையில் அமைந்தது. 1989இல் வட ஆர்க்காட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபின் திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கியது. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அதன் மக்கள் தொகை 63,671. இவ்வளவினதான பட்டினங்கள் இந்தியாவில் எத்தனையோ உள. அரிசி, பட்டுச் சீலை, பொன்னணி ஆகிய மூன்றுமே அதன் பெயர்பெற்ற தொழில்கள். உலகப் புகழோ பெரிய இயந்திரசாலையோ இல்லாத அவ்வூரை ஒருவர் ஏன் தேர்ந்தார்? பொதுவான ஊர் என்பதே அதன் சிறப்பு. இந்திய மக்களில் 88 விழுக்காட்டினர் கிராமங்களிலும், இரண்டு இலட்சத்துக்குக் குறைந்த மக்கள் வாழும் பட்டினங்களிலுமே உள்ளனர் என்பதை 2003இல் வெளிவந்த தமது நூலில் அவர் வற்புறுத்துகிறார். பெருநகரத்தின் உயர்ந்த கட்டடங்களை நோக்கி நாட்டின் பொருளாதாரத்தை மதிப்பிடுவோர் எஞ்சிய 12 விழுக்காட்டையே காண்கின்றனர் என்பது அவர் கருத்து.

அவர் கையாண்ட முறை எளிமையானது. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். கடை கடையாக, ஆலை ஆலையாகச் சென்று வினாவுவது. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து மீண்டும் வந்து அதே வினாக்களைக் கேட்பது. முதல் எங்கிருந்து வந்தது? வேலை செய்வோர் உறவினரா, கூலியாட்களா? கூலி நாளுக்கா, துண்டுக்கா? முற்பணம் கொடுக்கப்பட்டதா? இலாபம் எங்கே போடப்பட்டது? ஒருமுறை கேட்டாற் கிடைப்பது ஒரு நிழற்படம் மட்டுமே. நான்கு முறை கேட்டால் ஊரின் நடை தெரிகின்றது.

உழவு செழித்தால் உழவன் கையிற் பணம் புழங்கும். அவன் வாங்கும் பொருள்களைச் செய்ய அண்மைப் பட்டினத்திற் கைத்தொழில்கள் எழும். வேலை பெருகும் என்பதே அக்காலத்துப் பொருளியலறிஞர் பலரின் நம்பிக்கை. 1984இல் ஜோன் ஹரிஸ் என்பாருடன் சேர்ந்து ஆரணியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, ஹொசெலிற்ஸ் வகுத்த அப்பழைய பிரிவையே தலைப்பாகக் கொண்டு, இந்நம்பிக்கையை ஐயத்தோடு நோக்கியது. கடைகள் பெருகுவது உண்மைதான். ஆனால் கடையில் விற்கும் பொருள் தொலைவிலுள்ள பெருநகரத்திற் செய்யப்பட்டதாயின், உழவனின் பணம் பட்டினத்திற் சற்றே தங்கிவிட்டு அப்பாற் போய்விடுகின்றது. விற்பவனுக்கு வேலை உண்டு, செய்பவனுக்கு இல்லை.

அவர் கண்ட மற்றொன்று சிந்திக்கத்தக்கது. சிறு தொழில் நாளடைவில் வளர்ந்து பெருந்தொழில் ஆகும் என்றே நூல்கள் கூறும். ஆரணி போன்ற இடங்களில் தொழில்கள் வளர்வதைவிடப் பெருகுவதே மிகுதி; ஒன்று பெரிதாவதில்லை, ஒன்று பலவாகின்றது. தந்தையின் கடை மைந்தரிடையே பிரிகின்றது. பட்டு வணிகர் தறிகளை ஒரே கூரையின் கீழ்க் கொணராமல், நெசவாளர் வீட்டுக்கே நூலை அனுப்பிச் சீலைக்கு இவ்வளவு எனக் கூலி கொடுக்கின்றார். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை கொண்டு இயங்கும் இடமாயிற் குறைந்தது பத்துப் பேரும், மின்விசை இல்லாத இடமாயின் குறைந்தது இருபது பேரும் வேலை செய்தாலே நடைமுறைக்கு வருமாறு இயற்றப்பட்டது. வீட்டிலிருந்து நெய்பவருக்கு அதன் நிழல் எட்டியதில்லை. யாருக்கு எவ்வேலை, என்ன கூலி என்பவற்றை அரசின் சட்டம் தீர்ப்பதைவிடச் சாதியும் குடும்பமும் ஆண் பெண் வேற்றுமையுமே தீர்க்கின்றன என்று அவர் காட்டியது இவ்விடத்திற்றான்.

பெண்களின் வேலையைப் பற்றி அவர் தொடக்கத்திலேயே கவலையுற்றார். இலங்கையிலும் இந்தியாவிலும் நெல்லைப் பதப்படுத்தும் முறைகளைப் பற்றி 1977இலேயே எழுதினார். அவ்வேலையின் கதை வாவிக் கரையோர்க்கு நன்கு விளங்கக் கூடியது. உரலும் உலக்கையும் இருந்த காலத்தில் நெற்குத்துவது ஏழைப் பெண்களுக்குக் கூலியும், கூலியோடு சிறிது குறுநொய்யும் தவிடும் தந்த தொழில். சிறிய குற்றும் இயந்திரம் ஊருக்கு வந்ததும் அது போயிற்று. பின்னர்ப் புழுங்கல் ஆலைகள் எழுந்தன; அவித்த நெல்லைக் களத்திற் பரப்பிக் காலாற் கிண்டி உலர்த்தும் வேலை பெண்களுக்குக் கிடைத்தது. வெயிலும் சூடும் கொடியவை. ஆயினும் அஃதொரு வேலை. அடுத்து உலர்த்தும் இயந்திரம் வந்தது, களம் வெறிச்சோடிற்று. உற்பத்திக் கணக்கில் இவ்வொவ்வொரு படியும் முன்னேற்றமே. உலக்கையை விட்டவள் எங்கே போனாள் என்பது அக்கணக்கில் எழுதப்படுவதில்லை. உலக்கைக்காலம் இனிய காலம் என்று சொல்வதற்கில்லை. கைகள் காய்த்துப்போன பெண்கள் அதனை ஒப்பமாட்டார்கள். பிழைப்பு போன பின் அவளுக்கு மாற்று யாது என்பதே வினா.

மருதமுனை, காத்தான்குடி நெசவாளருக்கும் இக்கதை அயலானதன்று. 1977இல் இலங்கையில் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது கைத்தறிகள் பட்ட பாட்டை அவ்வூர் முதியோர் அறிவர்.

வேலையின்மையைப் பற்றி இலங்கையில் பெரிய ஆராய்ச்சிகள் நிகழாமலில்லை. இளைஞர் கிளர்ச்சி நிகழ்ந்த 1971ஆம் ஆண்டிலேயே, சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் சார்பில் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த குழு, கற்ற இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியைத் தெளிவாக எடுத்துரைத்தது. அது நாடு முழுவதையும் மேலிருந்து நோக்கிய அறிக்கை, உயர்ந்ததுதான். ஆனால் ஒரு தெருவில் எந்தக் கதவு யாருக்குத் திறக்கின்றது என்பது அவ்வுயரத்திலிருந்து தெரியாது. அதற்குத் தெருவிலேயே நிற்க வேண்டும்.

ஆரணி ஆராய்ச்சியிற் குறை இல்லையென்பதற்கில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை வருபவரின் கண்ணுக்கு இடையில் தோன்றி மறைந்த கடை தப்பிவிடும். அன்றியும் இவ்வெழுத்துகள் ஆங்கிலத்தில், பல்கலைக்கழக நூலகங்களுக்குரிய விலையில் வெளிவந்தவை. பட்டு நெய்தவரும் நெல் உலர்த்தியவரும் தம் வாழ்வைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்தறியும் வாய்ப்பு அரிது. இக்குறை பார்பரா அம்மையாருக்கு மட்டும் உரியதன்று. தமிழறிந்த பொருளியலாளர்க்கும் இதிற் பங்குண்டு.

பல ஆராய்ச்சியாளரை ஒன்றுசேர்த்து அவர் பதிப்பித்த ஆரணி பற்றிய நூல் 2016இல் வெளிவந்தது. நாற்பதாண்டு மாற்றம் அதிற் பதிவாகியுள்ளது. அதன்பின்னும் அவர் ஓயவில்லை. ஒரு சிறு நகரின் குப்பையைப் பின்தொடர்ந்தார். யார் எறிகின்றனர், யார் பொறுக்குகின்றனர், நகரசபையின் நிலையான ஊழியர் எத்தகையோர், ஒப்பந்தக் கூலிகள் எத்தகையோர், பழைய இரும்பும் பிளாஸ்ரிக்கும் யார் கையிற் காசாகின்றன என்று கேட்டார். நெல்லின் பின்னே சென்றபோது கேட்ட அதே வினாக்கள்தாம் அவை.