உளநோய்ச் சிகிச்சையும் தூரமும்

உடலுக்கு வருவதும் உள்ளத்துக்கு வருவதும் நோய் என்ற அளவில் ஒன்றே. ஆயினும் சிகிச்சையை நாடிச் செல்லும் வழியில் இரண்டுக்கும் பெரும் வேறுபாடுண்டு. கால் முறிந்தவரைத் தூரத்து வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றால், எலும்பு பொருந்தியதும் அவர் வீடு திரும்புவார். உள்ளம் நோயுற்றவரையோ சுற்றத்தினின்றும் தாய்மொழியினின்றும் பிரித்து வைக்குந்தோறும் அவர் மீளும் வழி அடைபட்டுக்கொண்டே போகும். இலங்கையில் உளமருத்துவம் வளர்ந்த வரலாற்றை நோக்குவார்க்கு இது புலனாகும்.

இந்நாட்டில் இத்துறைக்கு அடிப்படையாய் அமைந்த கட்டளைச் சட்டம் 1873இல் இயற்றப்பட்டது. ஒருவருடைய சித்த நிலையை மாவட்ட நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானிக்கும் முறையை அது வகுத்தது. 1956இல் பெயர் மாறிற்று. எனினும், நோயாளியை எங்கே வைத்துக் காப்பது என்பதே அச்சட்டத்தின் பெருங்கவலையாயிருந்தது. பெரிய வைத்தியசாலையும் கொழும்பை அடுத்த அங்கொடையிலே எழுந்தது. யாழ்ப்பாணத்தினின்று அது ஏறக்குறைய 400 கிலோமீற்றர். நாளடைவில் அவ்வூர்ப் பெயரே வசைச்சொல்லாயிற்று. ஓர் ஊருக்கு இதனினும் பெரிய அவப்பேறு வேண்டுமோ! 2008இல் அவ்வைத்தியசாலை தேசிய உளநல நிறுவகம் எனப் பெயர்பெற்றது. வசை மட்டும் ஊர்ப்பெயரை விட்டு அகலவில்லை.

மொழியின் தூரம் இதனினும் நுட்பமானது. காய்ச்சலை வெப்பமானி காட்டும். முறிவை எக்ஸ் கதிர் காட்டும். மனத்துயரைக் காட்டும் கருவி பெரும்பாலும் நோயாளியின் சொல்லே. ‘ஒரே யோசனை’ என்று யாழ்ப்பாணத்துத் தாயொருவர் கூறும்போது அவர் சிந்தனையைக் குறிப்பிடவில்லை. உறக்கத்தைக் கெடுக்கும் ஓயாக் கவலையையே குறிப்பிடுகின்றார். இடைநின்று மொழிபெயர்ப்பவர் அதனைச் சிந்தனை என்றே பெயர்த்துவிடின் நோய் மறைந்துபோகும். வைத்தியரின் திறமை எத்தகையதாயினும் அவர் கேட்காத நோய்க்கு மருந்தெழுதல் இயலாதன்றோ?

1952இல் குளோர்புரோமசீன் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தபின், கடுமையான உளநோயாளர் பலர் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுதல் கைகூடிற்று. ஆனால் இத்தகைய மருந்துகளை அறிகுறிகள் தணிந்த பின்னும் நெடுநாள் தொடரவேண்டும். இடையிலே விட்டால் நோய் மீளுதல் பெரிதும் நிகழ்வதொன்று. அரச வைத்தியசாலையில் மருந்துக்குப் பணமில்லை. எனினும் கிளினிக் நாளிலே நோயாளியும் துணைக்குச் செல்பவரும் கூலியை இழக்கின்றனர். பஸ் கட்டணம் வேறு. மாத்திரையை விட்டவரைக் கவலையீனர் என ஏசுவோர் இக்கணக்கைப் பார்ப்பதில்லை.

போர்க்காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதலியோர் வைத்தியசாலைப் பணியோடு அமையாது, ஆசிரியர்க்கும் ஊர்த்தொண்டர்க்கும் உளநலப் பயிற்சி அளித்தனர். நிபுணர் சிலரேயாயின் ஊராரே முதற் செவியாதல் வேண்டும் என்பது இதன் கருத்து. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், 2005இல் ஏற்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கையும் சேவையை மாவட்டந்தோறும் பரப்ப முற்பட்டது. உளநல வைத்திய அதிகாரிகள் பயிற்றப்பட்டனர். மாவட்ட வைத்தியசாலைகளில் விடுதிகள் தோன்றின. இது மெய்யான முன்னேற்றம். ஆயினும் விசேட நிபுணர் பெரும்பாலும் நகரங்களிலேயே உளர். வன்னியின் உட்கிராமத்தார்க்கு நகரமும் தூரமே.

1995இல் இந்நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் மாண்டனர். கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டதனால் பத்தாண்டுகளில் அத்தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. 1998இல் தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொள்ளும் சட்டவிதியும் நீக்கப்பட்டது. உயிர்கள் காக்கப்பட்டன, உயிரை வெறுக்கச் செய்த துயரை வினவும் பணி அவ்வளவு விரைந்து வளரவில்லை. நஞ்சருந்திப் பிழைத்தவர் கிடக்கும் விடுதியும் உளநல விடுதியும் ஒரே வளவினுள் இருக்கும் இடத்திலும், ‘ஊருக்குத் தெரிந்துவிடும்’ என்றஞ்சிய உறவினர் அவரை நேரே வீட்டுக்கு அழைத்துச் செல்வதுண்டு.